அதே நம்பர்தான் வேண்டும்

கல்முனை பஸாரில் நான் ஒரு கொமினிகேசன் கடை வைத்திருந்தேன். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க, போட்டோக் கொப்பி அடிக்க, போனில் காசு தீர்ந்தால் ரீலோட் போட, கெட்டுப்போன போனைத் தட்டிப் பார்க்க என்று காலையில் கதவைத் திறந்ததிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இந்தத் தொழிலுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. ஒருவருக்கு ஒரு விசயத்தைச் சொல்லிக் கொடுத்து, அவர் மறுநாளும் வந்து அதையே கேட்டால் எனக்குத் தலைக்குள் சுர்ரென்று ஏறிவிடும். "வாய்தான் சரியில்ல, கை நல்ல கை" என்று ஊரில் என்னைப் பற்றிப் பேச்சு. ஏசுவேன், ஏசிக்கொண்டே சரிசெய்து கொடுப்பேன். மறுநாளும் வருவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு அரிசிக்கடை ஹாஜியார் ஓடி வந்தார். போனைத் துவாயில் சுற்றி அமுக்கிப் பிடித்திருந்தார். பேரன் ரிங்டோனை மாற்றிவிட்டானாம். குத்பா நடக்கும்போது பள்ளிக்குள் சினிமாப் பாட்டு முழங்கியிருக்கிறது. "ஊரெல்லாம் என்னயே பாக்குது மனே. இத இப்பவே அடக்கு, இல்லாட்டி உடைச்சிப் போடு" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே துவாய்க்குள் இருந்து பாட்டு மறுபடியும் கிளம்பியது. கடையில் நின்றவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த வருடங்களில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

போன் அடிக்கவில்லை என்று வருகிறவருடைய போன் சைலன்ட்டில் இருக்கும். சிக்னல் இல்லை என்று சண்டை பிடிக்கிறவர் தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு சண்டை பிடிப்பார். கட்டாருக்குப் போன புருசனோடு கதைக்க வந்த ஒரு பெண்ணின் போன் எப்படியோ சீன பாஷைக்கு மாறிப்போய், அவள் அதைச் செய்வினை என்று நினைத்து ஓதிப் பார்க்கக் கொண்டுபோய்விட்டுப் பிறகுதான் என்னிடம் வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு நான் சரிசெய்யக்கூடிய கோளாறுகள் அவை. இப்படி ஊராருடைய எரிச்சலை எல்லாம் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் அங்கே ஒரு போன் இருந்தது. அதில் எந்தக் கோளாறும் இல்லை. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கடல் வருவதற்கு முன்னால் எங்கள் வீடு கல்முனைக்குடியில், கடற்கரை வீதிக்குப் பக்கத்தில் இருந்தது. ஹோலில் சுவர் ஓரமாக ஒரு வயர் போன். எங்களுக்கு ஒரே மகள். அந்த வருடக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்தில் சன நெரிசலுக்குள் உம்மாவின் கையை விட்டுத் தவறிப்போனாள். பலூன்காரருக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தவளைக் கண்டுபிடிக்கும்வரை எங்கள் உயிர் எங்களிடம் இல்லை. அன்றிலிருந்து என் மனைவி பிள்ளைக்கு வீட்டு நம்பரைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். தலை பின்னும்போது சொல்லச் சொல்லுவாள். சோறு தீத்தும்போது சொல்லச் சொல்லுவாள். குர்ஆன் ஓதப்போகிற பிள்ளைகள் அலிபு, பே என்று இழுத்து ஓதுகிற அந்த ராகத்தில் மகள் நம்பரைச் சொல்லுவாள். வீட்டுக்கு யார் வந்தாலும் கேட்காமலே சொல்லிக் காட்டுவாள். "உங்கட மகள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில வேல செய்யப் போறா போல" என்று பக்கத்து வீட்டு ராத்தா கேலி பண்ணுவார்.

கடல் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளுக்கு ஆறு வயது. பச்சைச் சட்டை போட்டுப் போனவள், ஓதிவிட்டு வருகிற வழியில் இருந்தாள். நானும் மனைவியும் எப்படித் தப்பினோம் என்பதை நான் எங்கேயும் சொல்வதில்லை, தப்பினோம், அவ்வளவுதான். என் காலைத் தகரம் வெட்டியிருந்தது. பிள்ளையின் மையத்து கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் மற்றவர்களைப் போல நாங்களும் அழுது, அடக்கி, துஆ ஓதி, எப்படியோ ஒரு வழிக்கு வந்திருப்போம். ஆனால் எங்களுக்குத் தெரிந்த மீன் வியாபாரி ஒருவர் வந்து, பச்சைச் சட்டை போட்ட பிள்ளையை யாரோ தூக்கி லொறியில் ஏற்றியதைத் தன் கண்ணால் கண்டதாக அல்லாஹ் மேல் சத்தியம் பண்ணினார். பிள்ளைக்கு உயிர் இருந்ததாம், தலையை ஆட்டியதாம். லொறி மேற்குப் பக்கமாகப் போனதாம்.

என் கால் நிலத்தில் ஊன்ற ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. பிறகு மேற்கே உள்ள சிங்கள ஊருக்குப் போனோம். அங்கே பெரிய ஆஸ்பத்திரி. எங்கள் கரையில் அடிபட்ட சனங்களில் பாதிப் பேர் அங்கேதான் போயிருந்தார்கள். கட்டில், நிலம், வராந்தா என்று எல்லா இடமும் பார்த்தோம். இல்லை. பெயர் தெரியாமல் மௌத்தானவர்களை அடக்கிய ஒரு இடம் இருக்கிறது, வேண்டுமென்றால் காட்டுகிறோம் என்றார்கள். நான் போய்ப் பார்த்தேன், புது மண். மனைவி, நாங்கள் வந்த வான் வண்டியை விட்டு இறங்கவில்லை. "என்ட புள்ள உசிரோட இரிக்கி. உசிரோட இரிக்கிற புள்ளைய மண்ணுக்குள்ள என்னத்துக்குத் தேடுற?" என்றாள்.

அகதி முகாமில் கூடாரத்துக்குள் இருந்துகொண்டு அவள் முதலில் கேட்டது உடுப்பும் அல்ல, சட்டி பானையும் அல்ல. நம்பர். "புள்ளைக்கு நம்பர் பாடம். எங்க இருந்தாலும் ஆர்ட்டயாவது சொல்லும். அவங்க கோல் எடுக்கக்குள்ள போன் அடிக்கோணும்" என்றாள். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும்தான் மிச்சம். தூணும் இல்லை, வயரும் இல்லை. கடலை ஒட்டிக் குறித்த எல்லைக்குள் திரும்பவும் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. டெலிபோன் ஒபிஸில் இருந்தவர் நல்ல மனிதர்தான். வயர் இல்லாத புது போன் வந்திருக்கிறது, அன்டெனா வைத்தது, கையோடு தருகிறேன், ஆனால் வேறு நம்பர் என்றார். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி குறுக்கே வந்தாள்.

"எனக்கு அதே நம்பர்தான் வேணும்."

"தங்கச்சி, அந்த நம்பர் கடலோட போயிட்டு."

"கடலுக்கு என்னத்துக்கு நம்பர்? எங்கட நம்பர எங்களுக்குத் தாங்க."

அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். அதே எக்ஸ்சேஞ்சுக்குள், கேபிள் தப்பியிருக்கிற தெருவில் ஒரு வீடு எடுத்தால் பழைய நம்பரை அங்கே கொடுக்கலாம். அப்படித்தான் நாங்கள் மெயின் வீதிப் பக்கம், ஒரு நெல்லு மில்லுக்குப் பின்னால் இருந்த வாடகை அறைக்கு வந்தோம். சுவரெல்லாம் ஈரம். மில்லின் உமித்தூசு சோற்றில் விழும். ஜன்னலைத் திறந்தால் இருமல், மூடினால் புழுக்கம். மாதக் கணக்கில் அலைந்த பிறகு லைன் வந்தது. ரிசீவரைக் காதில் வைத்து, அந்தக் கூ என்ற சத்தத்தைக் கேட்டு என் மனைவி அழுத அழுகையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் சீவியம் அந்த வயரின் நுனியில் தொங்கியது. மாரி மழைக்கு லைனில் கரகரவென்று இரைச்சல் வரும். காற்றுக்கு முருங்கை மரத்துக் கிளை வயரைப் பிடித்து உலுப்பும். மில்லுக்கு நெல் ஏற்றி வருகிற லொறி ஒருநாள் வயரை இழுத்து அறுத்துக்கொண்டு போனது. சாரதியை அடிக்கவே போய்விட்டேன். கடையை விட்டுவிட்டு ஓடி வந்து நானே கதிரை போட்டு ஏறி ஒட்டுப் போட்டுத் தருவேன். யாரும் எங்கள் போனில் நீட்டிக் கதைக்கக் கூடாது. என் கூடப்பிறந்த மூத்த காக்கா கதைத்தால்கூட மனைவி பக்கத்தில் நின்று சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருப்பாள். அவர் ரோசப்பட்டு வருவதையே விட்டுவிட்டார். கலியாண வீட்டுக்கு அவள் போவதில்லை. மையத்து வீட்டுக்கும் போவதில்லை. பெருநாளைக்கு உம்மா வீடு வரை ஒரு எட்டுப் போய் வா என்றால், "அந்த நேரம் பாத்து அடிச்சா?" என்பாள்.

ராங் நம்பர்கள் வேறு. யாரோ ஒருவர் கோழிக் கடை என்று நினைத்துக் கிழமைக்கு ஒருமுறை எடுப்பார். நான் எடுத்தால் வண்டி வண்டியாக வாங்கிக் கட்டிக்கொள்வார். அவள் எடுத்தால் அப்படியில்லை. "வாப்பா, இது கோழிக் கடை இல்ல. நீங்க எங்க இருந்து எடுக்கிறீங்க? உங்களுக்குப் பக்கத்தில சின்னப் புள்ள ஆராவது நிக்கிறாங்களா?" என்று கேட்பாள். எதிரில் இருக்கிறவர் குழம்பிப்போய் வைத்துவிடுவார். அவள் ரிசீவரை வைக்க மாட்டாள். கொஞ்ச நேரம் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பாள்.

யுத்த காலத்தில் சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, திடீர் திடீரென்று லைன் வெட்டு. ஏன் இத்தனை காலமாக ஒரு கோல்கூட வரவில்லை என்பதற்கு அவளிடம் காரணம் தயாராக இருந்தது. பிள்ளையை வைத்திருக்கிறவர்கள் சிங்கள ஆட்கள், தமிழ் பேசுகிற இடத்துக்குக் கோல் எடுக்கப் பயப்படுகிறார்கள் என்பாள். அதனால் யுத்தம் முடிந்தது என்று செய்தி வந்த அன்று ஊரில் வெடி கொளுத்திய சத்தம் கேட்டபோது, சாவடியில் ஆமிக்காரர் போகிற வருகிறவர்களுக்குப் பாற்சோறு கொடுத்தபோது, அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "இனிப் பயமில்ல, என்ன? இனி எடுப்பாங்க" என்றாள். எனக்கு அந்த வெடிச்சத்தம் ஒன்றும் செய்யவில்லை.

அந்த நாட்களில்தான் கிராம சேவகர் வந்தார். சுனாமி வீட்டுத் திட்டத்தில் எங்களுக்கு வீடு ஒதுக்கியாகிவிட்டதாம். உள்பக்கம், வயல் ஓரம். இரண்டு அறை, கிணறு, ஓட்டுக் கூரை. போய்ப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்ததும் வயல் காற்று வந்து முகத்தில் அடித்தது. இருமாமல் மூச்சு விட்டு எத்தனை காலம் என்று அப்போதுதான் நினைத்தேன். ஆனால் அங்கே கேபிள் கிடையாது. எங்கள் நம்பரை அங்கே கொண்டுபோக ஒரு வழியும் இல்லை. குடியிருக்கப் போகாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"நீங்க போங்க. நான் வரல்ல" என்றாள் மனைவி.

"உனக்கு நெஞ்சுச் சளி கட்டி இழுக்குது. டொக்டர் என்ன சொன்னார்? இந்தத் தூசுக்குள்ள இருந்து சாகப் போறியா?"

"செத்தா இந்தப் போனுக்குப் பக்கத்திலேயே சாகிறன்."

சண்டை பிடித்தேன், கெஞ்சினேன், சோறு வேண்டாம் என்று எழும்பிப் போனேன். எதற்கும் மசியவில்லை. ஊராருடைய போன் கோளாறை எல்லாம் தீர்க்கிறவனுக்கு வீட்டில் ஒரு நல்ல போனை என்ன செய்வதென்று தெரியவில்லை.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்ததும் எங்கள் பக்கத்துக்கு வெளியூர் ஆட்கள் வரத்து கூடியது. அட்டாளைச்சேனைக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் புத்தளத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை, ஏதோ சாமான் வாங்கக் கல்முனைக்கு வந்த இடத்தில் கடைக்குள் நுழைந்தாள். உம்மாவுக்குக் கோல் எடுக்க வேண்டும் என்றாள். போன் கூண்டுக்குள் விட்டேன். இரண்டு நிமிடத்தில் முகம் சிவக்க வெளியே வந்தாள்.

"நானா, உங்கட போன் சரியில்லை. எங்கட வீட்டுக்கு அடிச்சா யாரோ கிழவர் ஒருத்தர் எடுத்துச் சத்தம் போடுறார்."

"போன் சரியாத்தான் இருக்கு. திரும்ப அடிங்க."

திரும்ப அடித்தாள். அதே கிழவர். இந்த முறை அவர் போட்ட சத்தம் கூண்டுக்கு வெளியே எனக்கே கேட்டது. சாய்ந்தமருதுப் பக்கத்துக் குரல். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "படிச்ச புள்ளதானே நீங்க? நம்பருக்கு முன்னால புத்தளத்து ஊர்க் கோட் போட்டீங்களா? கோட் போடாம அடிச்சா இஞ்ச உள்ள ஆள்தான் எடுப்பார். எந்த ஊரில நிண்டு அடிக்கிறீங்களோ அந்த ஊரில அதே நம்பர் ஆர்ட வீட்ட இருக்கோ, அங்கதான் போகும்" என்று கத்தினேன்.

கத்தி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது.

அந்தப் பிள்ளை கோட் போட்டு அடித்து, உம்மாவோடு சிரித்துச் சிரித்துக் கதைத்துவிட்டு, "பரவாயில்ல நானா" என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனாள். என் முகம் அவ்வளவு கெட்டுப்போயிருந்திருக்க வேண்டும். நான் கதிரையில் இருந்தேன். இருந்த இடத்திலேயே மகளின் குரல் கேட்டது. அலிபு, பே ராகத்தில் அந்த நம்பர். அதில் முன்னால் கோட் இருந்ததா என்று யோசித்தேன். எத்தனை தரம் யோசித்தாலும் இல்லை. எங்கள் ஊரில் யார் வீட்டு நம்பரைக் கேட்டாலும் யாரும் கோட் சொல்லுவதில்லை. கடைப் பலகையில்கூடப் போடுவதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுவோம்.

வீட்டுக்குப் போனதும் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "புள்ளைக்கு நம்பர் சொல்லிக் குடுத்தியே, கோட்டும் சேத்தா சொல்லிக் குடுத்த?"

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கோட் என்னத்துக்கு? ஊருக்குள்ள ஆராவது கோட் போடுவாங்களா?" என்றாள்.

"அதுதானே" என்றேன்.

அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. இந்த ஒரு விசயத்தைச் சொன்னால் போதும், அவள் அந்தப் போனை விட்டு எழும்பிவிடுவாள். தூசு இல்லாத வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் எழும்பிய பிறகு அவள் என்ன ஆவாள்? தலை பின்னப் பின்ன, சோறு தீத்தத் தீத்தச் சொல்லிக் கொடுத்தவள் அவள். அந்த நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை எங்கே நின்று, யாருடைய வீட்டுக்கு அடித்ததோ என்று ஒரு தாய்க்கு நினைப்பு வந்தால் அவள் சோறு தின்பாளா, உறங்குவாளா?

மறுநாளிலிருந்து பகல் லுஹர் தொழுகை நேரத்தில் கடையின் முன்கதவைச் சாத்திவிட்டு நான் உள்ளே இருந்து கோல் எடுக்கத் தொடங்கினேன். இலங்கையில் எத்தனை கோட் இருக்கிறதோ அத்தனையையும் ஒவ்வொன்றாகப் போட்டு, பின்னால் எங்கள் நம்பரை அடித்தேன். சில இடங்களில் அப்படி ஒரு நம்பரே பாவனையில் இல்லை என்று மெஷின் சொன்னது. கொழும்பில் ஏதோ கம்பனி. ஒரு பெண் பிள்ளை இனிமையாகப் பேசி, இசை போட்டு என்னைக் காக்க வைத்தது. கண்டியில் ஒரு பெரியவர் நான் ஏதோ விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்து வைத்துவிட்டார். தெற்கே மாத்தறையில் எடுத்த மனிதரிடம் எனக்குத் தெரிந்த பஸார் சிங்களத்தில் விசயத்தைச் சொன்னேன். அவருடைய தங்கையையும் கடல் கொண்டுபோயிருந்தது.

எல்லா இடத்துக்கும் எடுத்தேன். மேற்கே உள்ள அந்தச் சிங்கள ஊருக்கு மட்டும் எடுக்கவில்லை. முதலில் எடுத்திருக்க வேண்டியது அதுதான். லொறி போன திசை அது, ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது. ஒவ்வொரு நாளும் விரல் அந்தக் கோட்டுக்குப் போகும், நான் வேறு ஒன்றை அடிப்பேன். வேறு கோட் ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகுதான் அதை அடித்தேன்.

ஒரு பெண் எடுத்தார். நடுவயதுக் குரல். நான் கல்முனையிலிருந்து பேசுகிறேன், கடல் வந்த அந்த நாட்களில் உங்கள் வீட்டுக்கு ஒரு சின்னப் பிள்ளை கோல் எடுத்ததா என்று கேட்டேன். லைன் வெட்டிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அழுகிற சத்தம் கேட்டது.

அவர் சொன்னதை நான் என் தமிழில் எழுதுகிறேன். கடல் பொங்கி மூன்று நான்கு நாட்களுக்குப் பிறகு ஒரு பகல் நேரம் போன் அடித்ததாம். சின்னப் பிள்ளையின் குரல். தமிழ். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. உம்மா என்ற சொல்லை மட்டும் பிள்ளை திரும்பத் திரும்பச் சொன்னதாம். பின்னால் நிறைய ஆட்கள் அழுகிற, முனகுகிற சத்தம். ராங் நம்பர் என்று சொல்லி வைத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அடித்ததாம், அதே பிள்ளை. அவருடைய மகன் அப்போது ஆமியில் இருந்தானாம். தமிழ்க் குரல் வீட்டைத் தேடி வருகிறது, இயக்கத்து ஆட்கள் யாரோ பிள்ளையைப் பேசவைத்து, ஆமிக்காரன் வீட்டில் இருக்கிறானா என்று பார்க்கிறார்கள் என்று வீட்டுக்காரர் பயந்திருக்கிறார். மூன்றாவது முறை போன் அடித்தபோது அவர் வயரைக் கழற்றிவிட்டாராம். திரும்ப மாட்டிய பிறகு அந்தப் பிள்ளையின் அழைப்பு வரவேயில்லையாம்.

"மாத்தயா, நாங்கள் பயந்துவிட்டோம். அன்றிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. எந்தப் பன்சலைக்குப் போனாலும் புத்தர் முன்னால் அந்தக் குரலை நினைத்துத்தான் பூ வைக்கிறேன்" என்றார்.

என்னிடம் ஏச்சுக்குப் பஞ்சமில்லை. ரிங்டோனுக்கும் ரீலோடுக்கும் ஊரையே ஏசியவன் நான். வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. எங்கள் பிள்ளை உயிரோடு அந்த ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் அதற்குப் போனை எடுத்துக் கொடுத்திருக்கிறான். அது ஒரு இலக்கம்கூடப் பிழைக்காமல், உம்மா சொல்லிக் கொடுத்தபடியே அடித்திருக்கிறது. நான் அங்கே போனபோது பார்த்த புது மண் கண்ணுக்குள் வந்து நின்றது.

"அது உங்களுடைய பிள்ளையா மாத்தயா? வீட்டுக்கு வந்துவிட்டதா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"ஓம். வந்துட்டா" என்றேன். சிங்களத்தில்தான் சொன்னேன்.

அவர் பெரிதாக மூச்சு விட்டார். பிறகு, இப்போது எத்தனையாம் வகுப்பில் படிக்கிறாள் என்று கேட்டார்.

"ஆறாம் வகுப்பு" என்றேன். கணக்குச் சரிதான். இருந்திருந்தால் ஆறாம் வகுப்புத்தான்.

அவர் புத்தர் துணை என்று என்னை ஆசீர்வதித்து வைத்தார். நான் கடையைத் திறக்கவில்லை. வெளியே யாரோ கதவைத் தட்டி, "காக்கா, ரீலோட் ஒண்டு" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்குப் போனேன். கிராம சேவகர் வாசலில் நின்றார். முடிவு சொல்ல வேண்டும், இதற்குமேல் வைத்திருக்க முடியாது, இரண்டு குடும்பம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்றார். மனைவி கதவுக்குப் பின்னால் நின்றாள்; இருமலை அடக்கிக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. அவளை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவர என்னிடம் இப்போது இருந்தது ஒரேயொரு வழி. அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

"அந்த வீட்ட மத்த ஆக்களுக்குக் குடுங்க. நாங்க இஞ்சயே இருக்கம்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். நான் உள்ளே வந்தேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடல் வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்போது சிரித்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். "இப்பதான் உங்களுக்கும் நம்பிக்கை வந்திரிக்கி."